டீக்கன் ஜோன்ஸுக்கு உரிய கணக்கை எழுதுங்கள்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் நிர்வாகத்தினருக்கும், அதன் புள்ளிவிவரங்களைப் பராமரிக்கும் எலியாஸ் ஸ்போர்ட்ஸ் பீரோவினருக்கும் வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் அதிக சாக் எடுத்த வீரருக்கு 2013 முதல் டீக்கன் ஜோன்ஸ் பெயரில் விருது தருகிறீர்கள். பொருத்தமான பெயர்தான். பந்தை எறிய இடம் தேடும் எதிரணியின் குவார்ட்டர்பேக்கை, ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே பிடித்துச் சாய்ப்பதற்கு ‘சாக்’ என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் அவர். ஆனால் உங்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு சாக்கூடக் கிடையாது. தனி வீரர்களின் சாக்குகளை நீங்கள் எண்ணத் தொடங்கியதே 1982-ல். அவர் 1974-லேயே ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

பழைய கணக்கை எடுக்க வழியே இல்லை என்றால் சரி, விட்டுவிடலாம். ஆனால் எடுத்தே விட்டார்கள். ஜான் டர்னி, நிக் வெப்ஸ்டர் போன்ற ஆய்வாளர்கள் அந்தக் கால ஆட்டக் குறிப்புகளையும் ஃபிலிம்களையும் தேடிப் பிடித்து, பல ஆண்டுகள் உட்கார்ந்து எண்ணினார்கள். 1960 வரை பின்னோக்கிச் செல்லும் அந்த எண்களை புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளம் 2021-ல் வெளியிட்டது. அதில் ஜோன்ஸுக்கு 173.5. புரூஸ் ஸ்மித்தின் 200-க்கும் ரெஜி வைட்டின் 198-க்கும் அடுத்த இடம். டெட்ராய்ட் லயன்ஸின் ஆல் பேக்கர் 1978-ல், அதுவும் தன் முதல் பருவத்தில், 23 எடுத்திருக்கிறார். 2001-ல் மைக்கேல் ஸ்ட்ரேஹன் 22.5 எடுத்தபோது அதைப் புதிய சாதனை என்று கொண்டாடினோம். லாரன்ஸ் டெய்லரின் அதிகாரபூர்வ எண் 132.5. அவருடைய முதல் ஆண்டான 1981-ல் எடுத்த 9.5 அதில் சேரவில்லை. ஒரே ஒரு வருடம் முந்தி வந்ததற்கு இந்தத் தண்டனை.

பழைய எண்கள் துல்லியமாக இருக்காது என்பீர்கள். சில ஆட்டங்களுக்குக் குறிப்புகள் சரியாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் இன்றைய எண்ணும் ஸ்கோரரின் கண்ணையும் தீர்ப்பையும் நம்பித்தானே நிற்கிறது? மூன்று பேர் சேர்ந்து சாய்த்தாலும் இருவருக்குத்தான் பாதிப் பாதி. மூன்றாமவருக்கு எதுவும் இல்லை. ஸ்ட்ரேஹனின் அந்தக் கடைசி சாக்கையே பாருங்கள். 2002 ஜனவரி 6 அன்று எதிரணியின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் வலது பக்கம் ஓடி, ஸ்ட்ரேஹன் நெருங்கியதும் தானாகவே தரையில் சரிந்தார். ஸ்ட்ரேஹன் மேலே கை வைத்தார். முழு சாக். 2022 ஜனவரி 9 அன்று பால்டிமோரில் குவார்ட்டர்பேக் டைலர் ஹன்ட்லி, ஆட்டத்தைத் தொடங்கக் கைக்கு வரும் ஸ்னாப்பிலேயே பந்தைத் தவறவிட, எதிரணியின் டி.ஜே. வாட் அவரை வீழ்த்தினார். அது பாஸ் முயற்சி ஆகாது என்று சாக் தரவில்லை. அந்தப் பருவத்தில் வாட்டும் 22.5-லேயே நின்றார். இரண்டுமே விதிக்கு உட்பட்ட முடிவுகள் என்றே நானும் நினைக்கிறேன். விதியைப் பொருத்திப் பார்த்து ஒருவர் தீர்மானிக்கிறார், அவ்வளவுதான். பழைய ஃபிலிமை வைத்துக்கொண்டு அதையே செய்வதில் என்ன தடை?

பேஸ்பாலில் தன் அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பந்துவீச்சாளருக்குத் தரும் ‘சேவ்’ அதிகாரபூர்வமானது 1969-ல். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் கணக்கிட்டுச் சேர்த்தார்கள். 2024-ல் கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக் ஆட்டங்களின் எண்களையும் தங்கள் பதிவேட்டில் இணைத்தார்கள். அந்தக் கணக்கு இன்னும் முழுமையாகவில்லை என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

இது வெறும் எண் ஆசை அல்ல. சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களிப்பவர்கள் எண்ணைப் பார்க்கிறார்கள். ஜோன்ஸுக்கு 1980-லேயே அந்த இடம் கிடைத்துவிட்டது. அவர் காலத்தில் ஆடிய மற்ற பலருக்கு இல்லை. அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எண்பது வயதை ஒட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள்.

டர்னி, வெப்ஸ்டர் போன்றவர்களை அழைத்து உங்கள் ஆட்களோடு உட்கார வையுங்கள். ஃபிலிமோ ஆட்டக் குறிப்போ உறுதியாகச் சொல்லும் ஒவ்வொரு சாக்கையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் உள்ளதை விட்டுவிடுங்கள், விடுபட்ட ஆட்டங்களை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். 1982-க்கு முந்தைய எண்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும் என்றால் அதையும் போடுங்கள். அடுத்த டீக்கன் ஜோன்ஸ் விருதை அறிவிக்கும் முன் முதல் பட்டியலாவது வெளிவரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தை விடாமல் பார்க்கும் ரசிகன்