கொள்ளை ஆசையில் குற்றம் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வந்த சிறுகதை ஒன்றில் 'கொள்ளை பிரியம்' என்று இருந்ததைக் கண்டித்து, சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கொள்ளை என்பது குற்றச்செயல், அன்பைச் சொல்லும் இடத்தில் அது எதற்கு, 'மிகுந்த பிரியம்' என்று எழுதினால் போதாதா என்று கேட்டிருந்தார். போதாது.

நான் மெய்ப்புப் பார்த்தே வயதானவன். தொழிலுக்கு வந்த புதிதில் இதே திருத்தத்தை நானும் செய்திருக்கிறேன். ஒரு நாவலின் முதல் புரூஃபில், 'பேரன் மேல் கிழவருக்குக் கொள்ளை ஆசை' என்ற வரியில் கொள்ளையை அடித்துவிட்டு ஓரத்தில் 'மிகுந்த' என்று எழுதினேன். நாவலாசிரியரிடமிருந்து புரூஃப் திரும்பி வந்தபோது என் 'மிகுந்த' இரண்டு கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "கிழவர் தாசில்தார் அல்ல."

அன்றிலிருந்து இந்தச் சொல்லைக் கண்டால் நின்று பார்ப்பேன். இதன் வேர் 'கொள்'. புறநானூற்றின் ஏழாம் பாட்டில் கருங்குழலாதனார் கரிகாலனைப் பாடுகிறார். பகைவர் ஊர் எரிகிற வெளிச்சத்தில், மக்கள் அழுது கூவும் ஓசைக்கு நடுவே அவன் அடிக்கும் கொள்ளை அங்கே வருகிறது. அது அசல் சூறையாடல். ஆண்டாளிடம் வரும்போது பறிபோவது ஊர் அல்ல. தான் உள்ளே உருகி நைந்துகொண்டிருக்க, இருக்கிறாளா இல்லையா என்றுகூடக் கேட்காத கண்ணனைக் 'கொள்ளை கொள்ளிக் குறும்பன்' என்கிறாள். வைகிறாளா, கொஞ்சுகிறாளா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பாரதியார் கலைமகளைப் பாடும்போது 'கொள்ளை இன்பம் குலவு கவிதை' என்றே போட்டுவிட்டார். அங்கே திருட்டு வாடையே கிடையாது. வெள்ளைத் தாமரைக்கு எதுகை தேடினார் என்று சிலர் சொல்லக்கூடும். எதுகைக்கு 'வெள்ள'மும் பொருந்தும், அதற்கும் பெருக்கம் என்ற பொருள் உண்டு. அதை விட்டு இதை எடுத்தார். 'மிகுந்த இன்பம் குலவு கவிதை' என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அரசாணை வாசிப்பது போல இருக்கும்.

அழகு, ஆசை, பிரியம், இன்பம் இவற்றோடு கொள்ளை சேரும். கொள்ளைச் சோம்பல், கொள்ளைச் சலிப்பு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'ஏராளம்' போல எதனோடும் ஒட்டிக்கொள்ளும் சொல் அல்ல இது. ('எக்கச்சக்கம்' இன்னொரு வகை. நிறைய என்றும் சொல்லும், 'எக்கச்சக்கமாக மாட்டிக்கொண்டான்' என்று ஆளைச் சிக்கலிலும் விடும். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.) கொள்ளைநோயிலும், 'கொள்ளையிலே போக' என்ற பழைய வசவிலும் வாரிக்கொண்டு போகிற அதே வேகம்தான் இருக்கிறது. அளவு சொல்லும் சொற்களில் அந்த வேகம் வராது.

கவனம் வேண்டிய இடம் பணத்தின் பக்கம். 'அவரிடம் கொள்ளைப் பணம் இருக்கிறது' என்று எழுதினால், அவர் செல்வந்தரா, போலீஸ் தேடும் ஆளா என்று வாசகர் குழம்புவார். 'கொள்ளை லாபம்' என்பதில் அந்தக் குழப்பமே வசதி. லாபம் அதிகம் என்பதையும் அது வந்த வழியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், வழக்கும் வராது.

சிறுகதை எழுதியவர் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வாசகர் கண்ணில் படாத பிழை ஒன்று அங்கே இருக்கிறது. 'கொள்ளை பிரியம்' என்று ஒற்று இல்லாமல் அச்சாகியிருக்கிறது. கதை தொகுப்பாக வரும்போது ஒரு 'ப்' சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்