வெட்டிய பத்தியைப் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் நூல் அறிமுகம் எழுதியவர், பிரிந்தவர்களும் துணையை இழந்தவர்களும் மறுபடி வாழ்க்கை அமைத்துக்கொள்ளும் காதல் நாவல்களை, ‘அடுப்படியில் பொழுது போகாத பெண்களுக்கானவை, நம் மண்ணுக்கு ஒட்டாதவை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

எந்த மண்ணுக்கு ஒட்டாது? மட்டக்களப்பில் வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை படிக்கிறோம். மாதவியை விட்டுத் திரும்பி வந்த கோவலனைக் கண்ணகி ஏற்றுக்கொண்டாள், பிழைப்புக்குத் தன் சிலம்பையும் கொடுத்தாள். அதைக் கைகூப்பிக் கேட்கிறவர்கள் நாங்கள். ஆங்கிலத்திலும் இது நேற்று வந்ததல்ல. ஜேன் ஆஸ்டின் 1817இல் இறந்தபின் வெளிவந்த ‘பெர்சுவேஷன்’ நாவலே, எட்டு வருடங்களுக்கு முன் பிரிந்த இருவர் மறுபடி சேரும் கதைதான். ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் சொல்கிறேன். அது இலக்கியம், எங்கள் கடற்கரை ஊரான நாவலடிப் பெண்ணை வைத்து எழுதினால் பொழுதுபோக்கா?

இந்தக் கதைகள் நல்லபடி முடியும் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரியும். ஒருமுறை நொந்த மனம் இன்னொருவரை எப்படி நம்பத் தொடங்குகிறது என்று பார்க்கத்தான் வாசிக்கிறோம்.

என் தங்கச்சியின் புருஷனை 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில் கடல் கொண்டுபோனது. பிறகு திராய்மடுவில் கிடைத்த வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாள். வருடங்கள் கழித்து, அதே கடலுக்கு மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். “பேரப்பிள்ளை காணுற வயசில இதென்னகா?” என்று சொந்தங்களே முகம் சுளித்தார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த அன்றே அவர், சரிந்து தொங்கிய முதல் மச்சானின் படத்தை இறக்கி, சாரன் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, புது ஆணி அடித்து நேராக மாட்டினார். ஆணியை எடுத்துக் கொடுத்தவன், அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசாத தங்கச்சியின் மகன்.

இதைத்தான் சிறுகதையாக எழுதிப் போன வருடம் அனுப்பினேன். பிரசுரித்தீர்கள், நன்றி. ஆனால் கடைசிப் பத்தியைக் காணவில்லை. அதில்தான் அவள் கலியாணத்துக்கு ‘ஓம்’ சொல்கிறாள். அச்சில் வந்த கதையில் படத்துக்கு விளக்கேற்றுவதோடு அவள் வாழ்க்கை முடிந்துவிட்டது. கேட்டபோது இடம் போதவில்லை என்றார்கள். அதே பக்கத்தின் அடியில் கால் பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம். தங்கச்சி வாசித்துவிட்டு, “நான் கலியாணம் முடிச்சது பிழையெண்டா எழுதியிருக்கிறாய் அக்கா?” என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்வது, ஐயா?

உங்கள் தொடர்கதைகளும் அப்படித்தான். புருஷனை இழந்தவள் ஒன்றில் செத்துப்போவாள், இல்லாவிட்டால் தம்பி பிள்ளைகளை வளர்ப்பாள். ஆனால் அதே ஞாயிறு மலரின் மணமகள் தேவைப் பகுதியில், ‘துணையை இழந்தோர், விவாகரத்தானோர் விரும்பத்தக்கது’ என்று வரும் விளம்பரங்களுக்குக் காசு வாங்குகிறீர்கள். இது உங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. விளம்பரப் பக்கத்தில் இருக்கிற மனிதர்கள் கதைப் பக்கத்துக்கு வரக்கூடாதா? சிறுகதைப் போட்டி நடுவர்களாகவும் எப்போதும் கொழும்பு, யாழ்ப்பாணம்தான். கிழக்கில் வாசிக்கத் தெரிந்த பெண் ஒருத்தியும் இல்லையா?

நூல் அறிமுகம் எழுதியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. என் கதையில் வெட்டிய பத்தியை, கதையின் தலைப்போடு, அடுத்த வாரம் ஒரு மூலையிலாவது போடுங்கள். பிரதி உங்களிடம் இல்லாமல் போயிருக்கலாம் என்பதால் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.