இலை உதிர்வதற்குள் வந்துவிடு

தாக்வாமெனான் அருவிப் பூங்கா, மிச்சிகன்
அக்டோபர் முதல் வாரம்

அன்புள்ள கண்ணம்மா,

நானும் அம்மாவும் நலம். இங்கே போன் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. பாரடைஸ் ஊர் வரை காரில் போனால்தான் உன் செய்திகள் மொத்தமாக வந்து விழுகின்றன. எல்லாவற்றிலும் "நன்றாக இருக்கிறேன் அப்பா" என்று ஒரே வரி. அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இதை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். நவராத்திரிக்கு உன் வீட்டு முகவரிக்கு அம்மா அனுப்பிய புடவை, கான்டனில் இருக்கும் நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தபாலில் ஏதோ குழப்பம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கேம்ப் ஹோஸ்ட் வேலை எனக்குப் பிடித்துவிட்டது. சம்பளம் கிடையாது, டிரெய்லர் நிறுத்த இடம் இலவசம். வருகிறவர்களுக்கு இடம் காட்டுவேன், அவர்கள் கிளம்பியதும் தீக்குழியில் சாம்பலை அள்ளுவேன். இரவு ஒரு சுற்று நடந்து, அணையாத நெருப்பு இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கிளறுவேன். மேலே கருத்துத்தான் இருக்கும். கிளறினால் அடியில் கங்கு கனன்றுகொண்டிருக்கும். புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்வேன். சனிக்கிழமை காலையில் எல்லோருக்கும் அம்மாவின் காபி. டிரெய்லர் ஜன்னலோரம் மூன்று படி கொலுவும் வைத்தாள். ஒகாயோவிலிருந்து வந்த ஒரு பாட்டி தினமும் வந்து சுண்டல் வாங்கிப் போனார். நீ போனில் பாடுவாய் என்று அம்மா சரஸ்வதி பூஜையன்று பாரடைஸில் காரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வேலை இருந்திருக்கும்.

இப்போது காடு உச்சத்தில் இருக்கிறது. சர்க்கரை மேப்பிள் ஆரஞ்சும் சிவப்புமாக நிற்கிறது. பிர்ச்சும் ஆஸ்பெனும் முழு மஞ்சள். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிருமாக இருந்தால்தான் சிவப்பு இப்படி ஏறும். மஞ்சள் இலைக்குள் முன்பே இருப்பதுதான், பச்சையம் விலகும்போது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, மரம் அதை இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது. ஆகஸ்டு கடைசியில், சுற்றிலும் எல்லாம் பச்சையாக இருந்தபோது ஒரே ஒரு மேப்பிள் மட்டும் சிவந்து நின்றது. அதன் முன் நின்று படம் எடுக்காதவர் இல்லை. வேரில் ஏதோ நலமில்லாத மரம்தான் இப்படி முந்திக்கொண்டு நிறம் மாறும் என்று ரேஞ்சர் சொன்னார். நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் நன்றாகச் சிரித்திருக்கிறாய். கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

அருவித் தண்ணீர் அதே டிகாக்‌ஷன் நிறம்தான். தேவதாரு சதுப்புகளிலிருந்து ஊறிவரும் டானின் என்ற தாவரச் சாயம். மேல் அருவி இருநூறு அடி அகலத்தில் ஏறக்குறைய ஐம்பது அடி விழுகிறது. நாம் துடுப்புப் போட்டுப் போன கீழ் அருவித் தீவுக்கு 2022இல் நடைபாலம் வந்துவிட்டது. படகை ஒரே இடத்தில் சுற்றவிட்டு நீ அழுத கதையை அம்மா காண்பவரிடமெல்லாம் சொல்கிறாள். மாக்கினா பாலத்தைக் கடக்கும்போது பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டவள் இன்று பாலங்களுக்கு வரைபடம் போடுகிறாள் என்று நான் சொல்வேன். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. ஆனால் அவ்வளவு பெரிய வேலை பார்க்கிறவளுக்குப் பெற்றவர்களோடு பத்து நிமிடம் பேச நேரமில்லையா? பேசினாலும் வீடியோவை அணைத்துவிடுகிறாய். மாப்பிள்ளையைக் கேட்டால் "வெளியே போயிருக்கிறார்" என்கிறாய். அவர் நலமாக இருக்கட்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இலை உதிர்வதற்குள் வந்துவிடு. அடுத்த வாரம் பலத்த காற்றும் மழையும் வந்தால் மேப்பிள் எல்லாம் ஒரே நாளில் கொட்டிவிடும். தாமதமானாலும் பரவாயில்லை, டாமராக் மரங்கள் அதற்குப் பிறகுதான் பொன்னிறமாகும். ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்ப்பது அது. எப்படியும் வா. வேலையைக் காரணம் சொல்லாதே, லீவு எடு.

சிகாகோவிலிருந்து நேராக ஓட்டாதே, நடுவில் நின்று சாப்பிடு. பாலத்துக்கு முன்பே பெட்ரோல் நிரப்பிக்கொள். தனியாக ஓட்டப் பயமாக இருந்தால் அங்கே சொல். பாலத்துக்காரர்களே ஆள் அனுப்பி உன் காரை அக்கரை சேர்ப்பார்கள். பெரிய லாரிக்காரர்கள்கூடக் கேட்கிறார்களாம். கேட்பதில் வெட்கமில்லை. அந்தி சாய்ந்த பிறகு மான் குறுக்கே வரும், மெதுவாக ஓட்டு. வீட்டிலிருந்து விறகு கொண்டுவராதே, பூச்சி பரவும். மறுபடியும் சொல்கிறேன், நடுவில் நின்று சாப்பிடு.

அம்மா இரண்டு பேருக்குப் போர்வை எடுத்து வைத்திருக்கிறாள். ஒருவர் வந்தாலும் சரி, நீ வந்தால் போதும். பெட்டி நிறைய துணியோடு வந்தாலும் டிரெய்லரில் இடம் இருக்கிறது. இல்லையென்றால் கான்டன் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை நாள் என்று யாரும் கேட்கமாட்டோம், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

மாக்கினா வந்ததும் ஒரு செய்தி அனுப்பு. தினமும் மாலை நான்கு மணிக்கு பாரடைஸ் போய் போனைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா