ஐம்பது பார் யாருக்குப் போதும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஸ்கூபா டைவிங் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது, படங்களும் அருமை. ஆனால் இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, முதுகில் மாட்டுவது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, நாம் சுவாசிக்கும் இதே காற்றைத்தான் வடிகட்டி அழுத்தி அடைக்கிறார்கள். சுத்த ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பே வரலாம். சரி, அதை விடுங்கள், எல்லாப் பத்திரிகையும் அப்படித்தான் எழுதுகிறது. மற்றதை விட முடியாது. 'ஒரு சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கும், 50 பார் மிச்சம் வைத்து மேலே வந்தால் போதும்' என்று போட்டிருக்கிறீர்கள் (பார் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு). எவ்வளவு ஆழத்திலிருந்து?

இங்கே வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர் சுமார் 11 லிட்டர் கொள்ளும், 200 பார் அடைத்தால் 2,200 லிட்டர் காற்று. நிதானமாக நீந்துபவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வையுங்கள் (15 போதும் என்பவர்களும் உண்டு, எனக்கு முதல் வருடம் 25க்குக் குறையவே இல்லை). ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடி, ஒவ்வொரு மூச்சுக்கும் அதிகக் காற்று செலவாகும்: அதே ஆள் 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார், 20 மீட்டரில் 60. அங்கேயே இருந்தால் 36 நிமிடத்தில் சிலிண்டர் சுத்தமாகக் காலி, எங்கே ஒரு மணி நேரம்?

கடலூர்க்காரர்களுக்கு ரிசர்வ் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று வண்டியை ரிசர்வில் ஓட்டி, எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டி வந்து டேங்கை நிரப்புகிறவர்கள்தானே அவர்கள். அந்தப் பழைய பைக் மாதிரியே ஒரு காலத்தில் சிலிண்டரிலும் ரிசர்வ் லிவர் இருந்தது, மிச்ச அழுத்தத்தைக் காட்டும் கேஜ் வந்த பிறகு போய்விட்டது. ஆனால் வண்டியின் ரிசர்வ் ஒரு வண்டிக்கு மட்டும். கடலுக்கு அடியில் உங்கள் ரிசர்வில் கூட இறங்கியவரும் மூச்சு விட வேண்டி வரும், அதுவும் பதற்றத்தில்.

இது எனக்கே நடந்தது. மழை விட்டு இரண்டு நாள், கலங்கல் தண்ணீர், 18 மீட்டர், மீனவர் கணக்கில் பத்துப் பாகம். நண்பன் தன் கேஜைப் பார்த்த நேரத்தில் ஊசி சிவப்புக்குள் போயிருந்தது. என் ஆக்டோபஸை (அதே சிலிண்டரில் இன்னொருவர் மூச்சு விட இருக்கும் உபரி வாய்க்குழாய்) பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். அப்போது என்னிடம் 80 பார். இருவரும் மெதுவாக ஏறி, உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, தலையை வெளியே நீட்டியபோது 20. நான் 50 பாரில் இருந்திருந்தால் அந்த மூன்று நிமிடத்தில் எங்கேயோ முடிந்திருக்கும். அந்த நிறுத்தத்தை அவசரத்தில் விட்டுவிடலாமே என்பார்கள். விடலாம்தான், ஆனால் விடுவதாக நினைத்தே கணக்குப் போடக் கூடாது.

கணக்கு பெரிய கம்பசூத்திரம் இல்லை. பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இரண்டு பேருக்கு 60. 20 மீட்டரில் ஒரு நிமிடம் நிலைமையைச் சமாளிக்க 180 லிட்டர், நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற சுமார் 270, நிறுத்தத்துக்கு இன்னொரு 270. மொத்தம் 720 லிட்டர், 11ஆல் வகுத்தால் 65 பார், நான் 70 என்று வைத்துக்கொள்கிறேன். அப்புறம், நங்கூரக் கயிற்றுக்கே திரும்ப வேண்டுமென்றால் 200இல் அந்த 70 போக மிச்சமுள்ள 130இல் பாதிதான் போவதற்கு. அதாவது 65 செலவானதும், கேஜ் 135 காட்டும்போது திரும்பிவிட வேண்டும். நம் கடலில் கயிற்றை விட்டுத் தள்ளி எழுந்தால் மேலே நீரோட்டமும் விசைப்படகும் காத்திருக்கும்.

படகில் ஏறியதும் 'இன்றைக்கு எத்தனை பாரில் திரும்புகிறோம்' என்று கேட்டால் சில இடங்களில் சிரிக்கிறார்கள், கைடு பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். கைடுக்கும் ஒரே சிலிண்டர்தான்.

அடுத்த முறை எழுதும்போது 50 என்று ஒரே எண்ணைப் போடாமல் ஆழத்தையும் சேர்த்துப் போடுங்கள். இதே சிலிண்டருக்கு 10 மீட்டரில் 50 சரி, 20இல் 70, 30இல் 100.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி