டூம் யாருடைய மகன்?

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மார்வெல் கதைகளின் வில்லன் டாக்டர் டூம் பற்றி நீ எழுதியனுப்பிய நீண்ட ஊகத்தை முழுவதும் படித்தேன். 'எண்ட்கேம்' படத்தில் இறந்துபோன அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கின் மகள் மார்கன் வரும் பகுதியை மட்டும் மீண்டும் எடுத்துப் படித்தேன். 2026 டிசம்பரில் வெளிவருவதாக அறிவிக்கப்பட்டிருக்கும் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தில் முன்பு டோனியாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் ஏற்கும் டூம், வேறொரு பிரபஞ்சத்தில் வழிதவறிப்போன டோனி ஸ்டார்க்தான் என்பது உன் முடிவு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களைத் தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

ஊகிப்பதே வீண் வேலை என்று நினைப்பவள் நான் அல்ல. கூர்ந்து பார்க்கிறவர்களின் ஊகம் நல்ல வாசிப்புக்குச் சமமானது. 2018இல் வந்த 'இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில், மைல்ஸ் மொராலெஸைக் கடித்து அவனை ஸ்பைடர்-மேன் ஆக்கும் சிலந்தியின் உடலில் 42 என்ற எண் இருப்பதையும், அதன் உருவம் கணநேரம் சிதறி மீள்வதையும் கவனித்தவர்கள், அது மைல்ஸின் உலகத்துச் சிலந்தியே அல்ல என்று வாதிட்டார்கள். 2023இல் வந்த அடுத்த படம், அந்தச் சிலந்தி 42ஆம் எண் பூமியிலிருந்து வந்தது என்றும், அதனால் அந்தப் பூமி ஸ்பைடர்-மேன் இல்லாமலே போய்விட்டது என்றும் சொல்லி அவர்களை மெய்ப்பித்தது. 2021இல் வந்த ஸ்பைடர்-மேன் படமான 'நோ வே ஹோம்' படத்தின் பிரேசில் டிரெய்லரில், லிசார்ட் என்ற வில்லனின் முகம் யாரும் தொடாமலே அடிபட்டதுபோல் திரும்பியதைப் பார்த்து, அந்த இடத்தில் இன்னொரு ஸ்பைடர்-மேன் அழிக்கப்பட்டிருக்கிறார் என்று கண்டுபிடித்தவர்களும் சரியாகவே கண்டார்கள். முந்தைய படங்களில் ஸ்பைடர்-மேனாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, தான் இதில் இல்லை என்று மாதக்கணக்கில் மறுத்துவந்தும் அவர்கள் அசையவில்லை. இரண்டிலும் ஊகம் திரையில் இருந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு எழுந்தது.

அதே 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'வாண்டாவிஷன்' தொடரில் நடந்ததை இதன் அருகே வைத்துப் பார். தனி வரிசையாக வந்த எக்ஸ்-மென் படங்களில் இதே பாத்திரத்தை குவிக்சில்வர் என்ற பெயரில் ஏற்ற இவான் பீட்டர்ஸ், வாண்டாவின் இறந்துபோன அண்ணன் பியட்ரோவாக வாசலில் வந்து நின்றதும், எக்ஸ்-மென் உலகத்தின் கதவு திறந்துவிட்டது என்று கணக்கற்ற ரசிகர்கள் முடிவு செய்தார்கள். அந்த வாரம் நீ எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் அவர் ரால்ஃப் என்ற பெயருடைய, மந்திரத்துக்கு ஆட்பட்ட ஒரு சாதாரண ஊர்க்காரர். படைப்பாளர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் பரவலாக எழுந்தது. ஆனால் அந்தக் கதையே, துயரம் தாங்காத ஒரு பெண் தெரிந்த முகங்களைக் கொண்டு ஊர் முழுவதையும் நிரப்பிக்கொள்வதைப் பற்றியது அல்லவா? வாண்டா செய்த அதே செயலைப் பார்வையாளர்களும் செய்தார்கள்: முகத்தைக் கண்டதும், வந்திருப்பவர் யார் என்று கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

முகம் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒருவரே என்ற இந்த நம்பிக்கைதான் உன் ஊகத்துக்கும் அடித்தளம். இந்தப் படவரிசையோ முகத்தையும் ஆளையும் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பிரித்துக் காட்டிவருகிறது. டோபி மக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, டாம் ஹாலண்ட் ஆகிய மூவருக்கும் மூன்று முகங்கள்; மூவரும் ஸ்பைடர்-மேனான பீட்டர் பார்க்கர். 'லோகி' தொடரில் சில்வி என்ற பெண்ணும் லோகி, ஒரு முதலையும் லோகி. இதன் மறுபுறத்தை 2024 ஜூலை 26 அன்று வெளியான 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' காட்டியது. கிறிஸ் எவான்ஸ் தோன்றியவுடன் டெட்பூல் அவரைக் கேப்டன் அமெரிக்கா என்று நம்பிப் பூரிக்கிறார். வந்தவரோ 2005இல் அதே நடிகர் ஏற்ற, 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' குழுவின் ஜானி ஸ்டார்ம். ஒரே முகம், முற்றிலும் வேறு ஆள். அதற்கு மறுநாள்தான் சான் டியேகோ காமிக்-கான் ரசிகர் விழாவில் டவுனி முகமூடியைக் கழற்றினார். மேடையில் அவருடைய பாத்திரம் விக்டர் வான் டூம் என்ற பெயரால்தான் அறிமுகப்படுத்தப்பட்டது. டோனி ஸ்டார்க்கின் மாற்றுரு என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப்படும் காரணம் ஒன்று உண்டு. மாற்றுப் பிரபஞ்சக் கதைகளில் மிகச் சிறந்தவை எல்லாம் ஒரே விதியைக் காத்துவருகின்றன: இழந்தவருடைய இடத்தை இன்னொரு உலகத்தின் அதே உருவம் நிரப்பாது. 'கார்டியன்ஸ்' படங்களில் பீட்டர் குவிலின் காதலியான கமோராவை எடுத்துக்கொள். 2018இல் வோர்மிர் என்ற கோளின் மலையுச்சியிலிருந்து வில்லன் தானோஸால் தள்ளப்பட்டு அவள் இறந்தாள். 'எண்ட்கேம்' படத்தில் 2014ஆம் ஆண்டிலிருந்து இன்னொரு கமோரா வந்து சேர்ந்தபோது, பீட்டர் குவிலுக்கு அவன் காதலி திரும்பக் கிடைத்துவிட்டாள் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். ஜேம்ஸ் கன் 2023இல் எடுத்த மூன்றாம் 'கார்டியன்ஸ்' படத்தில் அது நடக்கவில்லை. அவள் அவனைக் காதலித்தவளே அல்ல. அவளுக்கென்று வேறு வாழ்க்கையும் வேறு தோழர்களும் இருக்கிறார்கள். நாம் சேர்ந்திருந்த காலம் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்ற பொருளில் ஒரு சொல் சொல்லிவிட்டு அவள் தன் வழியே போகிறாள். அந்தக் காட்சியில் அவனைச் சமாதானப்படுத்த எந்தக் குறுக்குவழியையும் தேடாத நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

'இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தின் வில்லன் கிங்பின்னின் கதை இதைவிடக் கடுமையானது. ஸ்பைடர்-மேனை அவன் அடிப்பதைக் கண்டு மிரண்டு ஓடிய மனைவி வனெஸாவும் மகன் ரிச்சர்டும் கார் விபத்தில் இறந்துபோகிறார்கள். வேறு உலகிலிருந்து அவர்களைத் தருவிக்கவே நகரத்தையே அழிக்கக்கூடிய ஓர் இயந்திரத்தை அவன் கட்டுகிறான். உச்சக்காட்சியில் அவர்கள் வருகிறார்கள். அவன் மைல்ஸை அடிப்பதைக் கண்டு, மறுபடியும் அவனுக்கே அஞ்சி விலகுகிறார்கள். 2022இல் வந்த டாக்டர் ஸ்டிரேஞ்ச் படத்தில், 838ஆம் எண் பூமியில் வாழும் தன் பிள்ளைகளின் மாற்றுருக்களை அடையப் பல உலகங்களைக் கடந்து வரும் வாண்டாவைக் கண்டு அந்தச் சிறுவர்கள் நடுங்குகிறார்கள். அவர்களைப் பெற்ற அந்த உலகத்துத் தாய் இவள் முகத்தைத் தொட்டு, பிள்ளைகள் அன்போடு வளர்க்கப்படுவார்கள் என்று மட்டும் உறுதி கூறுகிறாள். பிள்ளை பெற்ற எவராலும் அந்த இடத்தை எளிதில் கடந்துபோக முடியாது.

நீ குவாண்டம் இயற்பியலையும் துணைக்கு அழைத்திருக்கிறாய். வகுப்பறையில் அதைக் கற்பித்தவள் என்ற முறையில் இங்கே சற்றுக் குறுக்கிட வேண்டியிருக்கிறது. ஹியூ எவரெட் 1957இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டின்படி, அளவீட்டின் ஒவ்வொரு சாத்தியமான விளைவும் ஏதேனும் ஒரு கிளையில் நிலைபெறுகிறது. ஆனால் பெரிய பொருள்களின் அளவில் பிரிந்துவிட்ட கிளைகள் ஒன்றையொன்று தொடுவதற்கு நடைமுறையில் வழியே இல்லை. ஆகவே ஒரு கிளையின் டோனி மறு கிளைக்கு நடந்து வருவதற்கு எவரெட் சாட்சி சொல்லமாட்டார். அது படக்கதையின் உரிமை. அதைப் படக்கதையின் விதிகளால்தான் எடைபோட வேண்டும். எவரெட் ஆய்வேட்டை முடித்த கையோடு பென்டகனுக்காகக் கணக்கிடும் வேலைக்குப் போய்விட்டார். இசைக்கலைஞரான அவருடைய மகன், தந்தையின் இயற்பியலைத் தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகே தேடி அறியத் தொடங்கினார். அதைப் படித்தபோது, உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதைத் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

படக்கதையின் விதிகள் என்றேன். அவற்றின் பிறப்பையும் பார்க்கலாம். 1961இல் வந்த 'ஃப்ளாஷ்' 123ஆம் இதழில், பேரி ஆலன் என்ற புதிய ஃப்ளாஷ், 1940இல் தோன்றிய ஜே கேரிக் என்ற பழைய ஃப்ளாஷை அவருடைய உலகத்திலேயே சென்று சந்திக்கிறார். ஜேயின் முதல் கதையையும் இந்தச் சந்திப்பின் கதையையும் எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ். இரண்டாம் பூமி என்ற எண்ணம் அங்கே ஜேயைப் பேரியாக மாற்றவோ, ஒருவருக்குப் பதில் இன்னொருவரை நிறுத்தவோ வரவில்லை. இருவரும் அவரவராக இருப்பதற்கு இடம் தரவே வந்தது.

இப்போது டூமின் தாயைப் பற்றிச் சொல்கிறேன். உன் ஊகத்தில் அவள் ஓர் இடத்தில்கூட இல்லாதது என்னை வருத்தியது. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962இல் படைத்த டூம், லாட்வேரியா என்ற கற்பனை நாட்டில், ஒடுக்கப்பட்ட ரோமா மக்களிடையே பிறந்தவன். அவன் தாய் சிந்தியா மந்திரம் அறிந்தவள். அவளுடைய ஆன்மா மெஃபிஸ்டோ என்ற நரகத் தலைவனிடம் சிறைப்பட்டது. தந்தை வெர்னர் ஒரு மருத்துவர். அதிகாரத்துக்கு அஞ்சித் தப்பி ஓடிய பனிக்காலத்தில் தன் மேலாடையை மகனுக்குப் போர்த்திவிட்டுக் குளிரில் மாண்டவர். பல்கலைக்கழகத்தில் டூமின் முகத்தைச் சிதைத்த இயந்திரம், மறுவுலகில் இருக்கும் தாயை எட்டுவதற்காக அவன் கட்டியது. கணக்கில் பிழை இருப்பதை, பின்னாளில் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' குழுவின் தலைவராகும் ரீட் ரிச்சர்ட்ஸ் சுட்டிக்காட்டியும் அவன் கேட்கவில்லை. ரோஜர் ஸ்டெர்ன் எழுதி மைக் மிக்னோலா வரைந்த 1989ஆம் ஆண்டு நூலில், ஆண்டுதோறும் ஓர் இரவில் அவன் தாயின் ஆன்மாவுக்காகப் போரிட்டுத் தோற்பதையும், கடைசியில் அவளை மீட்பதற்காக அவளுடைய வெறுப்பையே விலையாகக் கொடுப்பதையும் படித்திருக்கிறேன். மகன் செய்த துரோகத்தைக் கண்டு அவள் அவனை மறுத்து ஒதுக்குகிறாள். அந்த மறுப்பே அவளுக்கு விடுதலை ஆகிறது. அது அவனுக்குத் தெரிந்தே நடக்கிறது.

டோனியின் காயமோ தந்தை ஹோவர்டைச் சார்ந்தது. 'எண்ட்கேம்' படத்தில் 1970ஆம் ஆண்டுக்குச் சென்று இளவயதுத் தந்தையோடு பேசி, அது ஆறியும்விட்டது. டூமை டோனியாக்கினால் சிந்தியாவும் வெர்னரும் லாட்வேரியாவும் ஒரு செல்வந்தரின் மாளிகைக்குள் காணாமல் போவார்கள். கையில் காசில்லாத ஒரு ரோமா சிறுவன் தானே கற்றுத் தானே உயர்ந்து தானே கெட்ட கதை, நன்கு அறிமுகமான ஒரு பணக்காரரின் இன்னொரு சாயலாகச் சுருங்குவதை நீ விரும்பமாட்டாய் என்று நினைக்கிறேன்.

என் பங்குக்கு நானும் ஓர் ஊகத்தை முன்வைக்கிறேன். 'வாண்டாவிஷன்' காலத்தில் வாராவாரம் எதிர்பார்க்கப்பட்டு வராமலே போன மெஃபிஸ்டோ, 2025இல் 'அயர்ன்ஹார்ட்' தொடரின் இறுதியில் சாச்சா பேரன் கோஹன் உருவில் வந்துவிட்டார். இறந்த தோழியை மீட்டுத் தருவதாகத் தொடரின் நாயகி ரீரி வில்லியம்ஸோடு பேரமும் பேசுகிறார். சிந்தியாவின் ஆன்மாவைப் பிடித்துவைக்க ஒருவர் தேவை என்றால், அவர் இப்போது இந்தப் படவுலகில் இருக்கிறார். அதே ஆண்டு ஜூலையில் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தில், 828ஆம் எண் பூமியின் நாடுகள் கூடும் அவையில் லாட்வேரியாவின் இருக்கை வெறுமையாகக் காட்டப்படுகிறது. சொந்த நாடு உள்ளவனாகவே டூம் அறிமுகமாகிறான். அவன் வேறு உலகங்களைத் தேடி வருவது தாயைத் தேடியே என்று நான் நம்புகிறேன்.

உன் பக்கத்திலும் வலு இருப்பதை மறுக்கமாட்டேன். டோனி கோமாவில் கிடந்த காலத்தில் டூமே இரும்புக் கவசம் அணிந்த 2016ஆம் ஆண்டுக் காமிக்ஸும், இருவரும் உடல் மாறிக்கொள்ளும் 'இப்படி நடந்திருந்தால்' கதையும் இருக்கவே செய்கின்றன. டவுனியை மீண்டும் அழைத்தவர்கள் டோனி மேல் மக்கள் வைத்திருக்கும் அன்பைக் கணக்கில் கொள்ளாமல் அழைத்திருக்க முடியாது என்று நீ எழுதியிருப்பதும் சரியே. உன் கடிதத்தில் என்னை உண்மையில் அசைத்த பகுதி மார்கன்தான்: டூமின் முகமூடி விலகுகிறது, அவள் அப்பா என்று அழைக்கிறாள், அவன் உடைந்துபோகிறான். அந்தக் காட்சியை நீ எழுதிய விதம் அருமை. ஆனால் அங்கே நிற்பவன் விக்டராகவே இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார். தன் முகம் அந்தச் சிறுமிக்கு ஏன் அவ்வளவு பழக்கமானது என்பது அவனுக்குப் புரியாது. இறந்துபோன பெற்றவரைத் தேடும் குரல் மட்டும் மற்ற எவரையும்விட அவனுக்கு நன்றாகப் புரியும், ஏனெனில் சிறுவயதிலிருந்து அவனும் அந்தக் குரலில்தான் அழைத்துக்கொண்டிருக்கிறான். மேலும், 'எண்ட்கேம்' படத்தில் காலத்தைத் திருத்த டோனி உடன்பட்டபோது அவன் வைத்த நிபந்தனையே, கடந்த ஐந்தாண்டுகளில் தனக்குக் கிடைத்தது எதுவும் அழியக் கூடாது என்பது. மார்கனை விட்டுக்கொடுக்க மறுத்த அந்தத் தந்தைதான் இறந்தவன். அவனுக்கு ஒரு மாற்றுருவைக் காட்டி அவளைச் சமாதானப்படுத்துவது எனக்கு உவப்பாக இல்லை.

படத்தில் ஹோவர்டின் பெயரோ, மலிபு வீடோ, டோனி குகையில் சிறைப்பட்டிருந்த காலமோ டூமின் நினைவாக வந்தால் உன் முடிவை ஏற்றுக்கொள்வேன். அதுவரை எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது. உன்னால் சொல்ல முடியுமா என்று பார். நடிகர் யார் என்பதை உலகத்துக்கே அறிவித்து ஓராண்டு ஆன பிறகு, 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தின் இடைக்காட்சியில், ரீடின் குழந்தை ஃபிராங்க்ளின் முன் முகமூடியைக் கையில் பிடித்தபடி மண்டியிட்டிருக்கும் டூமின் முகத்தை ஏன் நம்மிடமிருந்து மறைத்தார்கள்?

அன்புடன்,
அம்மா