மலாவி ஊழியப் பயணமும் சங்கத்தின் ஓராண்டும்: செயலாளரின் ஆண்டறிக்கை

சேகரகுரு ஐயா அவர்களுக்கும், தலைவர், பொருளாளர், அங்கத்தினர் அனைவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டங்கள், உபவாச ஜெபம், விடுமுறை வேதாகமப் பள்ளி, ஸ்தோத்திரப் பண்டிகைக் கடை, கேரல் பவனி எல்லாம் கர்த்தருடைய கிருபையால் வழக்கம்போல் நடந்தேறின.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, ஆப்பிரிக்க நாடான மலாவிக்குச் சென்ற ஊழியப் பயணம். "இத்தனை செலவழித்துப் போய் என்ன கண்டீர்கள்?" என்று சிலர் கேட்பது சங்கத்தின் காதுக்கு வந்திருப்பதால், இதை மட்டும் விரிவாக எழுதவேண்டியிருக்கிறது.

மலாவியில் லிவிங்ஸ்டோனியா என்ற மிஷன் ஊழியம் 1875-ல் மலாவி ஏரிக்கரையில் தொடங்கியது. மலேரியாவில் பலரைப் பறிகொடுத்தபின், 1894-ல் மலைமேல் இருக்கும் கோண்டோவேக்குப் போனது. கற்றுக்கொடுக்கப் போகிறவன் முதலில் அந்த மண்ணிடம் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதை அந்த மிஷனே பாடுபட்டுத்தான் அறிந்தது. நம் குழுவும் கிராம சபையாரின் வீடுகளிலேயே தங்கி, அவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டது.

அங்கே அன்றாட உணவு என்சிமா, அதாவது மக்காச்சோள மாவில் கிண்டும் களி. முதலில் தண்ணீர்க் கஞ்சியாகக் கரைத்து நன்றாகக் கொதிக்கவிடுகிறார்கள். பிறகு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மரத்துடுப்பால் கிண்டுகிறார்கள். மாவை ஒரே தடவையில் கொட்டினால் கட்டி தட்டும்; கஞ்சி கொதிப்பது போதாவிட்டால் பச்சை மாவு வாசம் போகாது. தொட்டுக்கொள்ள ஒன்றே ஒன்று: வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைத்த பூசணி இலை. விறகு மிச்சப்பட, தீயை உள்ளேயே அடக்கிவைக்கும் சிறிய மண் அடுப்பைப் பல வீடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

கை கழுவுவதற்குக் குழாய் வேண்டாம். கவைக்கொம்பு இரண்டு நட்டு, குறுக்கே ஒரு கம்பு வைத்து, 5 லிட்டர் கேனைத் தொங்கவிடுகிறார்கள். கேனின் கழுத்துக்குச் சற்றுக் கீழே, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஒரு துளை. துளைக்குக் கீழேவரைதான் தண்ணீர். கழுத்தில் கட்டிய கயிறு தரையில் கிடக்கும் மிதிகட்டைக்கு வருகிறது. மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லிய தாரையாக ஊற்றும். காலை எடுத்தால் நின்றுவிடும். துளையை அடியில் போட்டால் நாள் முழுக்கச் சொட்டிக் கேன் காலியாகிவிடும். சோப்பைத் துளையிட்டுக் கயிற்றில் கட்டி, பாதி வெட்டிய பாட்டிலைக் குடைபோல் மேலே மாட்டாவிட்டால் ஒரே மழையில் கரைந்துபோகும். கீழே சரளைக்கல் நிரப்பிய சிறு குழி கட்டாயம். இல்லையென்றால் சேறும் கொசுவும்தான். நம் அசனப் பண்டிகையில் இதுபோல் வைக்கச் செயலாளர் கமிட்டியில் எழுத்துமூலம் கேட்டும், "பந்தல்காரர் டிரம் வைப்பார்" என்ற ஒரே பதிலோடு அது முடிந்துவிட்டது. அந்த டிரம்மின் குழாய் திறந்தே கிடந்து பந்தி முடியும் முன்பே தண்ணீர் தீர்ந்ததை எல்லாரும் கண்டோம்.

எல்லாவற்றிலும் மேலாகக் கவனிக்கவேண்டியது அவர்களுடைய அடிபம்பு. அஃப்ரிடெவ் என்று பெயர். 1980-களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவானது. நம் ஊர் இந்தியா மார்க் 2 பம்பு பழுதானால் மெக்கானிக் ஆட்களோடு வந்து குழாயைத் தூக்கவேண்டும். அஃப்ரிடெவ்வை ஊர்ப் பெண்களே ஒரே ஒரு ஸ்பானரோடு திறந்து, குழாயைப் பிடுங்காமல் ராடுகளை மட்டும் மேலே எடுத்துவிடுகிறார்கள். தேய்வது பெரும்பாலும் இரண்டு: பிஸ்டனில் இருக்கும் ரப்பர் சீல், கைப்பிடி அச்சில் இருக்கும் புஷ் என்ற பிளாஸ்டிக் வளையம். பலமுறை அடித்தபிறகே தண்ணீர் வந்தால் சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது அடிவால்வு ஒழுகலாம். கைப்பிடி ஆடினால் புஷ்ஷைப் பார்க்கவேண்டும். முழுதும் உடையும்வரை காத்திராமல் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

இந்த உதிரிகளுக்காகத் தண்ணீர்க் கமிட்டி வீட்டுக்கு வீடு சிறுதொகை வசூலிக்கிறது. வசூல் நின்ற ஊரில், மிகச் சாதாரண ரப்பர் வளையம் ஒன்று இல்லாமல் பம்பு முழுவதும் கிடப்பில் போய், பெண்கள் மறுபடி ஓடைக்கு நடக்கிறார்கள். கொஞ்சத்தைக்கொண்டு வாழ்கிறவர்கள் அந்தக் கொஞ்சத்தைப் பொதுவில் காப்பாற்ற முறை தவறாமல் கொடுக்கிறார்கள். "உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்று இருக்கக்கடவோம்" (1 தீமோத்தேயு 6:8) என்ற வசனத்தை நாம் வாசிக்கிறோம்; அவர்கள் அதைக் கைக்கொள்கிறார்கள்.

இதை எழுதும்போது நம் சந்தாப் புத்தகத்தை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. நம் மாதச் சந்தா ஒரு வேளை தேநீர்ச் செலவுக்கு மேல் இல்லை. ஆனாலும் அங்கத்தினரில் பெரும்பகுதியினர் பாதி ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். பயண ஆயத்தக் கூட்டங்களில் முன்வரிசையில் இருந்த சிலரை, அறிக்கைக் கூட்டத்தில் காணமுடியவில்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை. சொந்த வேலைகள் யாருக்கும் உண்டு. ஆனாலும் ஒரு தகவலாவது தந்திருக்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பயணக் காணிக்கை பெரும்பாலும் விமானக் கட்டணத்துக்கே போயிற்று. சங்கப் பொது நிதியில் சிறு இருப்பு உள்ளது. தணிக்கை செய்த சகோதரருக்கும், உணவு சமைத்துத் தந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், வாகனம் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த பயணம் கர்த்தருக்குச் சித்தமானால் மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் இருக்கட்டும். நவம்பரில் மழை தொடங்கினால் கிராமத்து மண்சாலைகளில் வண்டி ஏறாது. ஜூன், ஜூலையில் மலைப்பகுதி குளிரும். ஸ்வெட்டர் ஒன்று அவசியம். ஏரியில் குளிக்க ஆசைப்படவேண்டாம். அந்தத் தண்ணீரில் நத்தைவழி பரவும் ஒட்டுண்ணி உண்டு. பழைய துணி மூட்டைகள் வேண்டவே வேண்டாம். அங்குள்ள சந்தைகளில் வெளிநாட்டுப் பழைய துணி ஏற்கெனவே மலையாகக் குவிந்திருக்கிறது. அதற்குப் பதில் பம்பு உதிரிகளுக்கான பணத்தைக் கொண்டுபோய், அங்கேயே கடையில் வாங்கிக் கொடுக்கவேண்டும். அளவும் சரியாக இருக்கும், அந்தக் கடைக்காரரும் தொடர்ந்து சரக்கு வைப்பார்.

அதற்கான தனிக் காணிக்கைப் பெட்டி ஆலயத்தின் தெற்கு வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. நிலுவைச் சந்தாவைப் பொருளாளரிடம் இன்றே கூட்டம் முடிந்ததும் செலுத்தலாம்; அவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்திருக்கிறார்.

கர்த்தருடைய பணியில்,
செயலாளர்