தக்காளிக்கு மாடித்தோட்டம் தீர்வாகாது, கீரைக்கு ஆகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்காளி விலை ஏறும்போதெல்லாம் ‘வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள், செலவு மிச்சம்’ என்ற அறிவுரையும் கூடவே வந்துவிடுகிறது. மதுரையில் பல வருஷமாக மொட்டைமாடியில் தோட்டம் போட்டு, வீட்டுச் செலவையும் நோட்டில் எழுதி வருகிறவள் நான். அந்த அறிவுரை பாதிதான் சரி. எந்தக் காய்க்குக் கட்டுப்படியாகும், எதற்கு ஆகாது என்று சேர்த்துச் சொல்லாவிட்டால், புதிதாக ஆரம்பிப்பவர்கள் காசைப் போட்டுவிட்டு நொந்துபோவார்கள்.

தக்காளியையே எடுத்துக்கொள்வோம். வளர்ப்புப் பை, தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, ஊன்றுகுச்சி எல்லாம் சேர்ந்தால் ஒரு செடிக்கு 150 ரூபாய் ஆகிவிடுகிறது. நன்றாகக் காய்த்தால் இரண்டு கிலோ கிடைக்கும். பை மூன்று நான்கு பருவம் தாங்கும், சரி. ஆனால் உரம் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் பருவம்தான். தை, மாசியில் என் செடி காய்த்துக் குலுங்கும்போது சந்தையிலும் தக்காளி கொட்டிக் கிடக்கும். கிலோ 15, 20 ரூபாய்க்கே வாங்கிவிடலாம். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ நிற்காது, உதிர்ந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் மதுரை 40 டிகிரியைத் தொடுகிறது. நமக்குத் தக்காளி வருகிற ஆந்திராவின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார் பக்கமும் கோடை வெயிலில் விளைச்சல் அடிபட்டால் ஆனி, ஆடியில் விலை ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இதே கதைதான். ஆக, கடையில் விலை எகிறும் நேரத்தில் நம் மாடிச் செடியும் வாடித்தான் நிற்கும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசு, கூட்டுறவுத் துறையின் பண்ணை பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அந்த மாதிரி ஏற்பாடுதான் அப்போது கைகொடுக்கும். மாடித்தோட்டத்தைக் காட்டி அந்தப் பொறுப்பை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. வெங்காயம், உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம், வாங்குவதுதான் மலிவு.

கீரைக்கு வாருங்கள், கணக்கு அப்படியே மாறிவிடும். கட்டு 20 ரூபாய். வாரம் மூன்று நாள் கீரை வைக்கும் வீட்டில் மாதம் 240 ரூபாய். அரைக்கீரைக்கு ஒரு சாண் ஆழ மண் போதும். மீன் கடையில் கழித்துப்போடும் தெர்மோகோல் பெட்டியில் அடியில் நாலு ஓட்டை போட்டு நான் வளர்க்கிறேன். விதை கடுகைவிடச் சிறிசு. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக முளைத்துவிடும். ஒரு கை மணலோடு கலந்து தூவினால் பரவலாக விழும். மூன்று நான்கு வாரத்தில் கிள்ளலாம், கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். ஒரு செடியை மட்டும் கிள்ளாமல் பூக்க விட்டால் அடுத்த விதைப்புக்கு விதையும் ஆயிற்று. பொன்னாங்கண்ணியும் புதினாவும் சமையலுக்கு வாங்கிய தண்டை ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். மணத்தக்காளி பறவை எச்சத்தில் தானாகவே முளைக்கும். இவற்றோடு ஒரு கறிவேப்பிலைக் கன்றும் இரண்டு மிளகாய்ச் செடியும் இருந்தால், தினமும் சில்லறையாகப் போகிற காசு நின்றுவிடும்.

காய்களில் கத்தரி ஒன்றுதான் எனக்குக் கட்டுப்படியாகிறது. காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், மறுபடி தழைத்துக் காய்க்கும். நுனி மட்டும் தலை தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று பலர் இன்னும் ஊற்றுகிறார்கள். அந்த நுனியை ஒடித்துப் பிளந்து பாருங்கள், உள்ளே புழு இருக்கும். வாடிய இடத்துக்குக் கீழே ஒடித்து அழித்துவிட்டால் மருந்துச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது.

அப்புறம் தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. அரிசி, காய் கழுவிய தண்ணீரில் நான்கு கீரைப் பெட்டியைக் காப்பாற்றலாம். அதற்கு மேல் அங்கே ஆசைப்படக் கூடாது.

தோட்டக்கலைத் துறை மானியத்தில் மாடித்தோட்டத் தளைகள் (பை, விதை, உரம் அடங்கிய தொகுப்பு) கொடுப்பது நல்ல திட்டம். அதில் கறிவேப்பிலைக் கன்று, பொன்னாங்கண்ணித் தண்டு, மூன்று நான்கு வகைக் கீரை விதை ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எந்த மாதம் எதை விதைக்கலாம் என்று ஒரு தாளில் அச்சடித்து உள்ளே வைக்கவும் வேண்டும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999இல் எங்கள் மதுரை அண்ணாநகரில்தான் தொடங்கியது. அங்கே கீரை கொண்டுவரும் விவசாயிகளிடம் அவர்கள் எடுத்துவைத்த நாட்டு விதை இருக்கிறது. அதையும் கீரையோடு வைத்து விற்க உழவர் சந்தைகளில் அனுமதி கொடுத்தால், 10 ரூபாய் விதையில் ஒரு குடும்பம் தொடங்கிவிடலாம். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் ஆடிப்பட்டத்துக்கு முன்பே இதைச் செய்துதர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.